ஈடன் ப்ராஜெக்ட், கார்ன்வால்: சுரங்க நிலத்தில் தோட்டம் போடுவோருக்கான மதிப்புரை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், செயின்ட் ஆஸ்டல் நகருக்கு அருகே, பழைய களிமண் சுரங்கக் குழியில் அமைந்த ஈடன் ப்ராஜெக்ட் என்னும் தாவரத்தோட்டத்தைப் பார்த்து வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் குமிழ்க் கூடாரங்களின் படங்களோடுதான் திரும்புகிறார்கள். இந்த மதிப்புரை அந்தக் கூடாரங்களைப் பற்றியது அன்று. கைவிடப்பட்ட சுரங்க நிலத்தில் ஊர்மக்கள் பத்து இருபது பேர் சேர்ந்து ஒரு பொதுத்தோட்டம் போட நினைத்தால், நுழைவுக்கட்டணம் கொடுத்து இங்கே ஒரு நாள் செலவிடுவது அவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதே நான் மனத்தில் வைத்துக்கொண்ட கேள்வி. விதை முளைக்காத நிலத்தில் மண்ணை எப்படி உண்டாக்குவது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடத்தை நான் அறியேன். ஆனால் நஞ்சு கலந்த நிலத்தோடு போராடுகிற குழுவுக்கு இங்கே விடை கிடைக்காது.

தோட்டம் அமைந்திருக்கும் போடெல்வா குழி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெண்களிமண் வெட்டி எடுக்கப்பட்ட இடம். பிளிமத் நகரத்து மருந்து வணிகர் வில்லியம் குக்வர்த்தி 1746-ஆம் ஆண்டையொட்டி கார்ன்வாலின் ட்ரெகோனிங் குன்றில் பீங்கானுக்கு ஏற்ற களிமண்ணைக் கண்டறிந்தார். அதன் பிறகு செயின்ட் ஆஸ்டலைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் படிப்படியாகக் குடையப்பட்டது. ஒரு டன் வெண்களிமண் எடுத்தால் ஏறக்குறைய ஒன்பது டன் மணலும் கல்லும் அபிரகத்தூளும் கழிவாக மிஞ்சும். அப்படிக் குவிந்த வெள்ளை மேடுகளுக்கு ‘கார்ன்வாலின் ஆல்ப்ஸ்’ என்ற பட்டப்பெயரே உண்டு. வெட்டி முடிந்து பயனற்றுப் போகவிருந்த குழியைத் தாவரத்தோட்டமாக மாற்றலாம் என்று டிம் ஸ்மிட்டும் அவருடைய கூட்டாளிகளும் முன்வந்தபோது, அது அறுபது மீட்டர் ஆழத்தில், நிலைகொள்ளாத சரிவுகளோடு, நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே இறங்கிய அடித்தளத்தோடு கிடந்தது. கட்டுமானத்தின் தொடக்க மாதங்களில் கொட்டிய மழையில் நான்கு கோடி காலனுக்கும் அதிகமான தண்ணீர் குழிக்குள் சேர்ந்ததாகக் கணக்கு. ஆகவே செடிக்கு முன்பாக வடிகால் வந்தது. இன்றும் அந்த வடிகாலில் சேரும் நீர்தான் பாசனத்துக்கும் கழிவறைகளுக்கும் பயன்படுகிறது. சுரங்க நிலத்தில் இறங்கும் எந்தக் குழுவும் முதலில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தக் குழியே போதுமான சாட்சி.

தோட்டம் 2001 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதற்குள் அவர்கள் செய்து முடித்த மிகப் பெரிய காரியம், என் கணிப்பில், கூடாரங்கள் அல்ல, 83,000 டன் மண். குழியில் மேல்மண் என்று எதுவுமே இல்லை. வேறொரு வயலின் வளமான மண்ணைச் சுரண்டி வந்து இங்கே கொட்டுவது, ஒரு நிலத்தைப் பிழைக்க வைக்க இன்னொன்றைக் கெடுப்பதாகும் என்பதால், ரெடிங் பல்கலைக்கழகத்தின் மண்ணியலாளர்களோடு சேர்ந்து மண்ணையே தயாரித்தார்கள். வெண்களிமண் தொழிலின் கழிவு மணலையும் களிமண் கழிவையும் உடலாகக் கொண்டு, மட்கவைத்த மரப்பட்டையையும் தோட்டக் கழிவிலிருந்து செய்த மட்கையும் அதில் கலந்தார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே கலவை இல்லை. ஈரப்பதமிக்க வெப்பமண்டலக் கூடாரத்துக்கு மட்கு கூடுதலாகச் சேர்ந்தது; வறண்ட, சத்துக் குறைந்த நிலத்துக்குப் பழகிய தென்னாப்பிரிக்கச் செடிகளுக்கு அதே வளம் கேடாகும் என்பதால் அங்கே அதைக் குறைத்தார்கள். இவ்வளவையும் செடிகள் மூடி மறைத்துவிட்டன என்பதுதான் ஒரு வேடிக்கை. வருகிறவர்களின் கழுத்து மேல்நோக்கித் திரும்பியிருக்க, கவனிக்க வேண்டியது காலடியில் கிடக்கிறது. வெளித்தோட்டத்துப் பாத்திகளின் ஓரத்தில் குனிந்து நின்று அந்த மண்ணின் நிறத்தையும் பொலபொலப்பையும் பார்க்காமல் வந்துவிட்டால், ஒரு தோட்டக்குழுவுக்கு இந்தப் பயணத்தின் பாதிப் பயன் போய்விடும்.

இதைச் சிறிய அளவுக்குக் கொண்டுவருவது கடினமன்று. மூன்று மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள ஒரு மேட்டுப்பாத்திக்கு ஒரு கனமீட்டருக்குச் சற்று மேல் மண்கலவை போதும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. மட்காத பச்சை மரப்பட்டையைக் கலந்தால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொண்டு பயிரைப் பட்டினி போடும். அத்துடன், மட்கு அதிகமுள்ள கலவை ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்துகொண்டே போகும் என்பதால், முதல் ஆண்டு நிரப்பியதோடு வேலை முடியாது. அவசரமில்லாத குழுவுக்கு இன்னொரு பாதையும் உண்டு. செயின்ட் ஆஸ்டல் பகுதியின் கழிவு மேடுகளில் தாமாகப் பரவிய, அவரைக் குடும்பத்துப் புதரான மரலூப்பினும் மஞ்சள்பூ முட்புதரான கோர்ஸும் வேர்முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து, வெறும் மணலில் பல ஆண்டுகளாக வளம் சேர்த்திருக்கின்றன. நம் உழவர்கள் தக்கைப்பூண்டையும் சணப்பையையும் விதைத்து மடக்கி உழுவது எதற்காகவோ, அதே காரணம்தான்.

கூடாரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடிக்குப் பதிலாக எடை குறைந்த ஈடிஎஃப்ஈ என்னும் ஒளிபுகும் நெகிழிப் படலத்தாலான அறுகோண மெத்தைகள். வெப்பமண்டலக் கூடாரத்தின் உயரம் 55 மீட்டர். உள்ளே வாழையும் கரும்பும் காப்பியும் ரப்பரும் நெல்லும் நிற்கும்போது நமக்கு வியப்பைவிட ஊர் ஏக்கமே மிஞ்சும். வெயில் நாளில் அங்கே வியர்த்துக் கொட்டும் என்பதால் மேலங்கியைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது. குளிர்நாட்டில் வெப்பமண்டலத்தை வளர்க்க இவ்வளவு எரிபொருளா என்று நெடுங்காலம் கேட்கப்பட்ட கேள்விக்கு, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, 2023 முதல் பூமியின் வெப்பத்தையே பயன்படுத்துவது ஒரு நேர்மையான விடையாகத் தோன்றுகிறது.

இனி, இந்த இடத்தின் எல்லை. வெண்களிமண் கழிவில் சத்து இல்லையே தவிர நஞ்சு பெரிதாக இல்லை. ஈடன் பெற்ற வெற்றிக்கு இதுவே அடிப்படை. இதே கார்ன்வாலில் கேம்போர்ன், ரெட்ரூத் பக்கமோ, டேமர் பள்ளத்தாக்கிலோ, வெள்ளீயமும் செம்பும் எடுத்த நிலத்தில் நிலைமை வேறு. அந்தத் தாதுக்களோடு ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்தே வரும்; அதை வறுத்துப் பிரித்த சூளைகளைச் சுற்றியுள்ள மண்ணில் அது இன்னும் தங்கியிருக்கிறது. அங்கே மட்கைக் கொட்டுவதால் ஆர்செனிக் மறைவதில்லை. மட்கும் மணிச்சத்து உரமும் சில மண்ணில் அதை இளக்கிப் பயிருக்குள் ஏற விடவும் கூடும். ஆய்வகத்தில் மண்ணைச் சோதிப்பது, அடியில் துணிவிரிப்புப் போட்டு வெளியிலிருந்து தூய மண் கொண்டுவந்து உயர்ந்த பாத்தி கட்டுவது, கீரையையும் கிழங்கையும் நன்றாகக் கழுவுவது என்று அங்கே வேலையின் வரிசையே மாறிவிடும். நிலக்கரிக் கழிவில் இன்னொரு சிக்கல்: அதிலுள்ள பைரைட் என்னும் இரும்புக் கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டு அமிலமாவதால், சுண்ணாம்பு இடாமல் பெரும்பாலான பயிர்கள் தழைக்காது. ஈடனைப் பார்த்துவிட்டு எல்லாச் சுரங்க நிலத்துக்கும் இதுவே மருந்து என்று நம்பி வீடு திரும்பினால், அது ஆபத்தான நம்பிக்கை.

தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு இன்னும் நெருக்கமானது. கோலார் தங்கவயலை 1880-கள் முதல் நடத்திய ஜான் டெய்லர் நிறுவனம் மேற்பார்வைக்குக் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தது. நிலத்துக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். அந்தச் சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி இறுதியில். ஈடன் திறக்கப்பட்டது அடுத்த மாதம். ஒரு பக்கம் கழிவே தோட்டமானது. மறுபக்கம், தங்கம் பிரித்த சயனைடு மேடுகள் குடியிருப்புகளை ஒட்டி நின்று காற்றுக் காலத்தில் தூசு பறக்கவிடுகின்றன. தங்கவயலுக்கு ஈடனின் மண்கலவையை அப்படியே பரிந்துரைக்க நான் துணிய மாட்டேன். ஆனால் கழிவு மேட்டைச் செடியால் மூடிக் கட்டிப்போடுவது பற்றிய பேச்சு அங்கே தொடங்குமானால், உணவுப் பயிருக்கு முன்பாகத் தூசைப் பிடிக்கும் புல்லும் மரமும் வர வேண்டும் என்பேன்.

மண்ணுக்கு அப்பால் ஈடன் நேரடியாகத் தரும் உதவியும் ஒன்று உண்டு. 2009 முதல் அவர்கள் முன்னின்று நடத்தும் ‘பிக் லஞ்ச்’ என்னும் ஏற்பாட்டில், ஆண்டுக்கொரு முறை ஜூன் மாதத்தையொட்டித் தெருவாசிகள் ஒன்றாக அமர்ந்து உண்கிறார்கள். அதை நடத்த விரும்புவோருக்கு வழிகாட்டித் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இதற்கும் பாத்திக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பொதுத்தோட்டங்கள் பெரும்பாலும் ஆள் குறைந்துதான் கைவிடப்படுகின்றன. சுரங்கம் மூடிய ஊரில் வேலையோடு சங்கமும் மன்றமும் போய்விட்ட பிறகு, ஆட்களைச் சேர்ப்பதற்குச் சாப்பாட்டைவிட எளிய வழி இல்லை.

கட்டணம் சிறிய குழுவுக்குக் கனமானதுதான். வலைத்தளத்தில் முன்பதிவு செய்துவிட்டுச் செல்வது உத்தமம். குழிக்குள் இறங்கும் பாதை வளைந்து நீளமாகச் செல்வதால் முதியவர்கள் நேரம் ஒதுக்கி நடக்க வேண்டும். கடையில் செடிகளும் விதைகளும் கிடைக்கின்றன. பரிசுப் பொருள்களைத் தவிர்த்து அந்தப் பக்கம் மட்டும் பார்க்கலாம். நேரம் இருப்பவர்கள் செயின்ட் ஆஸ்டலுக்கு வடக்கே உள்ள வீல் மார்ட்டின் களிமண் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு ஈடனுக்கு வருவது நல்லது. அங்கே இன்றும் இயங்கும் ஒரு களிமண் குழியைப் பார்வை மேடையிலிருந்து காணலாம். அந்த வெள்ளைப் பள்ளத்தைப் பார்த்த கண்ணுக்குத்தான் போடெல்வாவின் மண்ணில் கலந்திருக்கும் உழைப்பு விளங்கும்.