அறிவியல் பாடத்திட்டம் வாங்கி 42,500 ரூபாய் பறிகொடுத்தேன்: வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் கவனிக்கவும்

நேற்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. இரண்டு ஆண்டுகளாக இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். தமிழும் கணக்கும் நானே சொல்லிக் கொடுத்துவிடுவேன். நான் வணிகவியல் படித்தவள். அறிவியல் என்றால் எனக்கே பயம். அந்தப் பயத்தைத்தான் அந்த நிறுவனத்தார் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுவழிக் கல்விக்கென்றே பாடத்திட்டம் விற்கும் இணைய நிறுவனம் அது. மூன்று ஆண்டுகளுக்கான அறிவியல் நூல்கள், சோதனைப் பெட்டி, வாரம் இரண்டு நேரடி வகுப்பு, எல்லாம் சேர்த்து 42,500 ரூபாய். தொலைபேசியில் பேசிய பெண், “அக்கா, என் பையனும் வீட்டில்தான் படிக்கிறான். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதா?” என்றார். பிறகு, “மூன்று ஆண்டு முடியும்போது பாப்பாவுக்கு 14 வயது நிறைந்திருக்கும். நேராக என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பில் சேர்த்துவிடலாம்” என்றார். என்.ஐ.ஓ.எஸ். என்றால் பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத உதவும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். அங்கே பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது உண்மை. நானே விசாரித்து வைத்திருந்த உண்மை. அந்த ஒன்று சரியாக இருந்ததால், அதன் பின்னால் வந்த “எங்கள் பாடத்திட்டத்துக்கு என்.ஐ.ஓ.எஸ். அங்கீகாரம் இருக்கிறது” என்பதையும் கேள்வி கேட்காமல் நம்பிவிட்டேன். இரவு 12 மணியோடு சலுகை முடிகிறது என்றார். சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். 11.40-க்கு அனுப்பினேன்.

பெட்டி வர 24 நாள் ஆயிற்று. மகள் எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தெளிநீர் என்று நான்கு கிண்ணங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தாள். அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் லிட்மஸ் தாள் முழுக்க ஈரத்தில் நமுத்து, நீலம் எது, சிவப்பு எது என்றே தெரியவில்லை. காந்த ஊசி அசையவில்லை. நேரடி வகுப்பு என்றது பழைய காணொளிப் பதிவு. அவள் ஒன்றும் சொல்லாமல் கிண்ணங்களை எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நூல்களைப் புரட்டியபோதுதான் வயிறு எரிந்தது. சுருள் கம்பி போட்ட நகல் தாள்கள். பக்கத்தின் குறுக்கே மங்கலாகச் சில எழுத்துகள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மறுவெளியீடு செய்யக்கூடாது என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. தன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கும் நூல்! அதுவும் பழையது. ஆறாம் வகுப்புக்கு 2024-லேயே புதிய அறிவியல் நூல் வந்துவிட்டது. காசில்லாமல் கிடைக்கும் தாளுக்கு 42,500 ரூபாய்.

அழைத்தேன். “48 மணி நேரத்தில் எங்கள் கல்விக் குழு தொடர்புகொள்ளும்” என்றார்கள். யாரும் தொடர்புகொள்ளவில்லை. மறுபடி அழைத்தால், “பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், திரும்பப் பெற முடியாது.” திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுங்கள் என்றதற்கு, அங்கீகாரம் என்று தாங்கள் சொல்லவே இல்லை, “பாடத்திட்டத்தோடு ஒத்துப்போகும் என்றுதான் சொன்னோம் மேடம்” என்றார் ஒருவர். அக்கா மேடமாகிவிட்டாள். என்னிடம் பேசிய பெண் வேலையை விட்டுப் போய்விட்டாராம். அவருடைய வாட்ஸ்அப் எண்ணில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது முடியவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். பணம் கட்டும் முன் ஏதாவது ஒரு பாடத்தை முழுதாக அனுப்பச் சொல்லி, அதை என்.சி.இ.ஆர்.டி. நூலோடும் நம் மாநிலப் பாடநூலோடும் வைத்துப் பாருங்கள். இரண்டும் இணையத்தில் இலவசம். அங்கீகாரம் என்றால் எழுத்தில் கேளுங்கள். என்.ஐ.ஓ.எஸ்.-இல் சேர்ந்தால் அவர்களே பாடநூல் தருகிறார்கள், யாரிடமும் தனியாக வாங்கத் தேவையில்லை. இரவு 12 மணி என்று யாராவது சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை.

இன்று காலை மகள் வாசலில் பூத்திருந்த செம்பருத்தியைப் பறித்து வெந்நீரில் ஊறவைத்தாள். எலுமிச்சைச் சாற்றில் அடர் இளஞ்சிவப்பு, சுண்ணாம்புத் தெளிநீரில் பச்சை. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். 42,500 ரூபாய்ப் பெட்டி பக்கத்தில் மூடிக் கிடந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். மாலை நான்கு மணிக்கு அவர்களுடைய மூன்றாவது “48 மணி நேரம்” முடிகிறது. மறுபடி அழைக்கப் போகிறேன்.