பிள்ளைக்குப் பதினைந்து வயது: கனடாவில் எந்த ஊர்?

யாழ்ப்பாணத்திலிருந்து கனடா போகும் குடும்பங்களிடம் எந்த ஊர் என்று கேட்டால், அநேகமாக அது எப்பவோ முடிவான விஷயமாக இருக்கும். மாமா ஸ்காபரோவில் என்றால் ஸ்காபரோ, சித்தி மொன்றியலில் என்றால் மொன்றியல். பிள்ளைக்கு ஐந்து வயதென்றால் இதில் பெரிய பிழை வராது. எங்கே விட்டாலும் ஒன்றிரண்டு வருடத்தில் அந்த ஊர்ப் பிள்ளையாகிவிடும். பதினான்கு, பதினைந்து, பதினாறு என்றால் இரண்டு விஷயத்தைப் பார்த்துத்தான் ஊரைத் தெரிவுசெய்ய வேண்டும். பள்ளிக்கூடம் முடிய இன்னும் எத்தனை செமெஸ்ரர் (அரைவருடத் தவணை) இருக்கிறது? கார் இல்லாமல் பிள்ளை தனியே எங்கெல்லாம் போய்வரலாம்? வீட்டு வாடகைகூட இதற்குப் பிறகுதான்.

முதலில் செமெஸ்ரர் கணக்கு. ரொறன்ரோவும் ஸ்காபரோவும் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் வகுப்பு வயதைப் பார்த்துத்தான் கொடுபடும், ஓ.எல். எழுதியதா இல்லையா என்பது அங்கே பொருட்டில்லை. 14 வயது நிறைகிற ஆண்டின் செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்பு, 17 நிறைகிற ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பு. உயர்பள்ளி டிப்ளோமாவுக்கு 30 கிரெடிற். ஒரு கிரெடிற் 110 மணித்தியாலப் படிப்பு. பெரும்பாலான பள்ளிகளில் செமெஸ்ரருக்கு நாலு பாடம், வருடத்துக்கு எட்டு. ஊரில் படித்தவற்றுக்குச் சமமான கிரெடிற்றை அங்குள்ள அதிபர் றிப்போட்டுகளைப் பார்த்துக் கொடுப்பார். கணிதம், விஞ்ஞானத்தில் பெரிதாகச் சிக்கல் வருவதில்லை. சிக்குவது ஆங்கிலத்தில்தான்.

புதிதாக வரும் பிள்ளைக்கு ஆங்கிலமும் கணிதமும் சோதித்து, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கிற ஈ.எஸ்.எல். வகுப்பில் ஒரு படி கொடுப்பார்கள். ஏ முதல் ஈ வரை ஐந்து படி. ஓ.எல். ஆங்கிலத்தில் ஏ எடுத்த பிள்ளை அங்கே சீ படியில் போய் நிற்பது சாதாரணம். ஓ.எல். தாளில் கேள்விகளின் அமைப்பு பழகியது. அங்கே ஒரு பக்கம் வாசித்துவிட்டுச் சொந்தமாக எழுத வேண்டும். சீ, டீ, ஈ, பிறகு பதினோராம் வகுப்பு ஆங்கிலம், பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் என்று ஐந்து பாடம். செமெஸ்ரருக்கு ஒன்று என்று வைத்தால் இரண்டரை வருடம். பத்தாம் வகுப்பில் நுழைகிற பிள்ளைக்கு ஆறு செமெஸ்ரர் இருக்கிறது, காணும். பதினோராம் வகுப்பில் நுழைந்தால் நாலுதான், காணாது. பல்கலைக்கழகத்துக்கு ஆறு பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் வேண்டும், அதில் ஆங்கிலம் கட்டாயம். கல்குலஸில் 95 எடுத்தும் இந்த ஒரு பாடம் முடியாமல் ஒரு வருடம் பிந்துகிற எங்கட பிள்ளைகள் கனபேர். யூலை மாதக் கோடைப் பள்ளியில் ஒரு படியைத் தாண்டலாம், அல்லது ஐந்தாம் வருடம் இருக்கலாம். 21 வயது வரை பள்ளிக்கூடத்தில் இருக்க அங்கே உரிமை உண்டு. அதை மானப் பிரச்சினையாக்குவது ஊரிலிருக்கிற நாங்கள்தான்.

போய் இறங்கும் மாதமும் இதே கணக்கில்தான் வரும். ஓகஸ்ட் கடைசி நல்லது. தப்பினால் ஜனவரிக் கடைசி, இரண்டாம் செமெஸ்ரர் தொடங்கும் நேரம். ஓ.எல். முடிவு வரட்டும் என்று காத்திருந்து நவம்பரில் இறங்கினால் நாலு பாடமும் பாதி ஓடிவிட்டிருக்கும். பிள்ளை வகுப்பில் இருக்கும், கிரெடிற் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் வாங்க வேண்டியதை விமான ரிக்கெற் போடுவதற்கு முன்பே வாங்குங்கள். விடுகைப் பத்திரம் மட்டும் காணாது. கடைசி மூன்று வருடத் தவணை றிப்போட்டுகள், அவற்றோடு அதிபரின் கடிதத்தாளில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். எந்த வகுப்பில் என்ன பாடம், கிழமைக்கு எத்தனை பாடவேளை, ஒரு பாடவேளை எத்தனை நிமிடம் என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். இங்கே 75க்கு மேல் ஏ என்ற வரியும் இருக்கட்டும், ஏனென்றால் ஒன்ராறியோவில் மேல்மட்டம் 80இல்தான் தொடங்குகிறது. தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழுக்கு உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

தடுப்பூசி அட்டையையும் மறக்க வேண்டாம். ஒன்ராறியோவில் பள்ளிக்குக் கட்டாயமான மெனிஞ்சோகொக்கல் ஊசி எங்கட அரச அட்டவணையில் இல்லை. கொப்பளிப்பான் ஊசியும் இல்லை. 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு அதுவும் அங்கே கேட்பார்கள். போனவுடன் போட்டுப் பதியாவிட்டால் சில மாதத்தில் பள்ளி இடைநிறுத்தக் கடிதம் வரும். கடிதத்தைக் கண்டு பதறுகிறவர்கள் கனக்க.

ஆங்கிலத்துக்கு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் காசைக் கொட்டுவதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதே வகுப்பின் கணிதம், விஞ்ஞானப் புத்தகங்கள் ஆங்கில மொழியிலும் இலவசமாகக் கிடக்கின்றன. தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்தால் அதே பாடம், அதே படம், அதே பயிற்சி. பின்னங்களைக் கண்ணை மூடிக்கொண்டு சுருக்குகிற பிள்ளைக்குத் தொகுதி எண்ணை நியூமரேற்றர் என்றும் பகுதி எண்ணை டினோமினேற்றர் என்றும் சொல்வார்கள் என்பது தெரியாததால்தான் முதல் மாதத்தில் கை கட்டுப்பட்டு நிற்கிறது. ஒரு நாளைக்குப் பத்துச் சொல், ஒரு கொப்பி, ஆறு மாதம். அவ்வளவுதான்.

இனி ஊர்கள்.

ஸ்காபரோவைக் குறை சொல்வது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. பழைய வீடுகள், பேஸ்மென்ற் வாழ்க்கை, எங்கே பார்த்தாலும் எங்கட சனம். எல்லாம் உண்மைதான். ஆனால் பதின்ம வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தோதான இடம் ரொறன்ரோப் பக்கத்தில் குறைவு. யாழ்ப்பாணத்தில் எங்கட பிள்ளைகள் பதினொரு வயதிலேயே சைக்கிளில் ரியூட்டரிக்குப் போய்வருகிறவர்கள். அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய், சந்திக்குப் போகவே அப்பாவின் கார் வேண்டிய இடத்தில் வைத்தால் அறைக்குள் முடங்கிப் போகும். தாய் தகப்பன் இருவரும் ஷிப்ட் வேலைக்குப் போனால் காரில் ஏற்றியிறக்க வீட்டில் ஆள் இருக்காது. ஸ்காபரோவின் பெரிய வீதிகளில் பஸ் அடிக்கடி ஓடும். ஒருமுறை கட்டினால் இரண்டு மணித்தியாலம் ஏறியிறங்கலாம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகமும் சென்ரெனியல் கல்லூரியும் அந்தப் பக்கமே இருப்பதால், பிறகு வீட்டிலிருந்தே படிக்கலாம். விடுதிச் செலவு மிச்சம். குறையையும் சொல்ல வேண்டும்: ஸ்காபரோவுக்குள் ஓடிய சிறிய ரயில் 2023 யூலையில் தடம்புரண்ட பிறகு மூடப்பட்டு, அந்த வழியை பஸ்கள்தான் இழுக்கின்றன. மத்தியான இடைவேளையில் முழுக்கத் தமிழிலேயே கதைத்துக்கொண்டிருந்தால் ஈ.எஸ்.எல். படிகள் இழுபடும் என்பதும் உண்மை. என்றாலும் முதல் குளிர்காலத்தில் கதைக்க ஒருவரும் இல்லாத பிள்ளையைவிட இது மேல்.

ஸ்காபரோவுக்கு வடக்கே உள்ள மார்க்கம் நகருக்கு ஆட்கள் ஓடுவது பள்ளிக்கூடங்களின் தரவரிசையைப் பார்த்து. அந்தப் பட்டியல் பொதுச் சோதனைகளின் புள்ளியை வைத்துப் போடப்படுவது. புதிதாக வரும் பிள்ளைக்குத் தேவையான ஈ.எஸ்.எல். படி அந்தப் பள்ளியில் இருக்கிறதா என்று அது சொல்லாது. எல்லாப் பள்ளியிலும் எல்லாப் படியும் நடப்பதில்லை. பள்ளிச் சபைக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

ரொறன்ரோவுக்கு வெளியே உள்ள ஏஜக்ஸ், பிறம்ரன் இரண்டும் வீடு வாங்கும் கட்டத்துக்கு உகந்தவை. வந்திறங்கும் கட்டத்துக்கு அல்ல. புதுக் குடியிருப்புகளில் வீடு பெரிது, நடை தூரத்தில் ஒன்றுமில்லை. பெடியனே ஓடட்டும் என்று நினைப்பவர்களுக்கு: 16 வயதில் பழகுநர் லைசென்ஸான ஜி1 எடுக்கலாம், தனியே ஓடுவதற்கான ஜி2க்கு 12 மாதம் பொறுக்க வேண்டும், அங்கீகரித்த பயிற்சி எடுத்தால் 8 மாதம். பிறம்ரனில் கார்க் காப்புறுதி மாகாணத்திலேயே மிகக் கூடியவற்றில் ஒன்று. அதில் பதினேழு வயதுப் பெடியனின் பெயரையும் சேர்த்துக் கணக்குக் கேட்டுப் பாருங்கள்.

மொன்றியல் வாழ நல்ல ஊர். பார்க் எக்ஸ்ரென்ஷன், கோட் டெ நேஜ் பக்கம் எங்கட கடைகள் உண்டு, டிப்பொசிற் கேட்க வீட்டுக்காரருக்குச் சட்டப்படி உரிமையில்லை, மெற்றோ இருக்கிறது. ஆனால் அது கியூபெக் மாகாணம்; அங்கே 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தின்படி, குடியேறி வருகிறவரின் பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது வரம். மூன்று மொழியோடு வளரும். பதினைந்தில் வருகிற பிள்ளை முதலில் வரவேற்பு வகுப்பில் பிரெஞ்சு படிக்க வேண்டும். அது முடிவதற்குள் உயர்பள்ளிக் காலம் கழிந்து, வளர்ந்தோர் கல்வி நிலையத்துக்குப் போக வேண்டி வரலாம். அங்கே உயர்பள்ளி பதினோராம் வகுப்போடு முடியும். பல்கலைக்கழகத்துக்கு முன் செஜெப் என்ற கல்லூரியில் இரண்டு வருடம். இரண்டு வருடம் இருந்துவிட்டு ரொறன்ரோவுக்கு மாறுவது எல்லாவற்றிலும் மோசம்: பிரெஞ்சும் அரைகுறை, ஆங்கிலப் படிக்கட்டு திரும்ப அடியிலிருந்து.

அல்பேர்ட்டா மாகாணத்து எட்மன்ரன், கல்கரியில் விற்பனை வரி 5 வீதம்தான், ஒன்ராறியோவில் 13. பன்னிரண்டாம் வகுப்பு முக்கிய பாடங்களில் மாகாணச் சோதனைக்கு 30 வீதம் உண்டு; சோதனைக்கே பழகின எங்கட பிள்ளைகளுக்கு அது ஒத்துவரும். ஆனால் டிசம்பரில் எட்மன்ரனில் பகல் ஏழரை மணித்தியாலம், ரொறன்ரோவில் ஏறத்தாழ ஒன்பது. சொந்தம் பந்தம் இல்லாத ஊரில் அந்த இருட்டு பிள்ளைக்கு இரண்டு மடங்காகத் தெரியும்.

எந்த ஊரென்றாலும் முதல் மூன்று மாதம் உறவினர் வீடுதான். அந்த முகவரியில்தான் பள்ளிப் பதிவும் நடக்கும். வீட்டுக்காரரின் கடிதம் கேட்பார்கள். பிறகு வாடகை மலிவென்று பத்துக் கிலோமீற்றர் தள்ளிப் போனால் பள்ளி எல்லை மாறும், பிள்ளை ஒரே வருடத்தில் இரண்டாவது தடவையாகப் புதுப்பிள்ளை ஆகும். வாடகை நூறு டொலர் கூடினாலும் அதே எல்லைக்குள் தேடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே முகவரியைச் சோதிக்கலாம். கூகிள் வரைபடத்தில் வீட்டையும் பள்ளியையும் போட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை 8 மணி என்று வைத்து பஸ் வழியைப் பாருங்கள். பிறகு இரவு 9 மணி என்று மாற்றித் திரும்பும் வழியைப் பாருங்கள். தரிப்பிடத்துக்கு நடை பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் ஜனவரியில் அது வேலைக்காகாது. மாமாவிடம் ஊர் எப்படி என்று கேட்க வேண்டாம், நல்லது என்றுதான் சொல்வார். ஆறு மணிக்குப் பிறகு எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று கேளுங்கள். ரொறன்ரோ பஸ்ஸில் 13 முதல் 19 வயது வரை குறைந்த கட்டணம், ஆனால் பிரெஸ்ரோ என்ற பயண அட்டையில் வயதை அடையாள ஆவணம் காட்டிப் பதிவித்தால்தான். பதியாவிட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் பெரியவர் காசு வெட்டுப்படும்.