போடியம் கோட்டை: வெளியால சரியான வடிவு, உள்ளுக்க ஒண்டுமில்லை

லண்டனுக்கு பிள்ளையளப் பாக்க வாற எங்கட கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் கூடுதலா கோயிலும் கடையும் சுத்திப்போட்டு பிளேன் ஏறுறதுதான் வழமை, அதால இதை எழுதுறன். கிழக்கு சசெக்ஸில இருக்கிற போடியம் கோட்டைக்கு அண்ணா காரில கூட்டிக்கொண்டு போனவர்.

பிரான்ஸ்ல சண்டை பிடிச்சு காசு சேத்த எட்வர்ட் டாலிங்ரிக் எண்டவர் 1385ல ராசாவிட்ட அனுமதி வாங்கிக் கட்டினது. நாலு பக்கமும் தண்ணி, நடுவில கோட்டை, பாத்த உடன வாய் பிளந்து நிண்டன். ஆனா குளக்கட்டில வளந்த ஆக்கள் எல்லோ, கோட்டைய விட்டுட்டு நான் தண்ணியத்தான் பாத்தனான். ஊத்துத் தண்ணி, சுத்திவர மண்கட்டு, சராசரி ஆழம் ஒரு 5 அடிதானாம்!! கட்டை ஒரு இடத்தில வெட்டிவிட்டா கதை முடிஞ்சுது. இது சண்டைக்கு கட்டினதோ எடுப்புக்கு கட்டினதோ எண்டு ஆராய்ச்சிக்காரர் இன்னும் அடிபடுகினம், என்னைக் கேட்டா எடுப்புக்குத்தான். கோட்டைக்குள்ள 28 கக்கூஸ், எல்லாம் நேர அந்த அகழிக்குள்ளதான் விழுமாம், இப்ப அதில மீன் ஓடுது, வடிவாத்தான் இருக்கு 😄

உள்ளுக்க போனா கூரையும் இல்லை தளபாடமும் இல்லை, வெறும் சுவர். அடுப்படி, மண்டபம் எண்டு நாங்களாத்தான் நினைச்சுப் பாக்கவேணும். வாசலில மேல தொங்கிற பழைய மரக்கதவை மட்டும் விடாமப் பாருங்கோ, அது அந்தக் காலத்து மரமே. கோபுரத்துக்கு ஏறுற படி ஒடுக்கம், சுருண்டு சுருண்டு போகுது, முழங்கால் வருத்தம் உள்ள அம்மா அப்பாமார் கீழயே நிக்கிறது நல்லம்.

இந்தியாவில வைஸ்ராயா இருந்த கர்சன் பிரபு இதை வாங்கித் திருத்தி, 1925ல சாகேக்க, பழைய இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் ட்ரஸ்ட் எண்ட அமைப்புக்கு எழுதி வைச்சிட்டாராம். பண்டார வன்னியன் 1803ல பிடிச்ச முல்லைத்தீவுக் கோட்டைக்கு அப்பிடி ஒருத்தரும் வரேல்லை, இப்ப போனா பிள்ளையளுக்கு காட்ட என்ன கிடக்கு? சரி அது வேற கதை.

ட்ரஸ்ட் மெம்பர் கார்ட் இருந்தா உள்ள போறதுக்கும் கார் பார்க்குக்கும் காசில்லை. எனக்கு ரிக்கற் எடுத்தது, ரூபாய்க்கு மாத்திக் கணக்குப் பாக்காதேங்கோ, பேந்து ரசிக்கேலாது. டென்டர்டன் எண்ட ஊரில இருந்து பழைய நீராவி ரெயினிலயும் வரலாம், ஆனா அது எல்லா நாளும் ஓடாது, பாத்துப் போங்கோ. மழை நாளில போகவே போகாதேங்கோ, ஒதுங்க இடம் குறைவு. தேத்தண்ணியை பிளாஸ்க்கில ஊத்திக்கொண்டு போய் கட்டில இருந்து குடிச்சம், அங்க விக்கிறது சுத்த வெந்நீர்.

5க்கு 4 குடுப்பன். உள்ளுக்கு மட்டும் எண்டா 2.