பவர் வீல்சேரின் வேகம்: ஜெல் பேட்டரியா, லித்தியமா?

என் பவர் வீல்சேரில் ஜெல் பேட்டரிகள் ஓய்ந்துபோனதும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறினேன். என் ஓட்டு லித்தியத்துக்குத்தான். ஆனால் கடைக்காரர்கள் சொல்வதுபோல வேகம் கூடும் என்பதற்காக இல்லை.

உச்ச வேகத்தை முடிவு செய்வது மோட்டாரின் சுழற்சி, கியர் விகிதம், சக்கரத்தின் விட்டம், அப்புறம் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் வைத்திருக்கும் வரம்பு. மணிக்கு 6 கி.மீ. போகும் வண்டி லித்தியம் போட்டதும் 10 கி.மீ. ஓடிவிடாது.

அந்த 6 கி.மீ. சாயங்காலமும் கிடைக்குமா என்பதில்தான் பேட்டரிக்கு வேலை. ஜாய்ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினாலும், பேட்டரியில் அப்போது இருக்கும் வோல்ட்டுக்கு மேல் கன்ட்ரோலரால் மோட்டாருக்குத் தர முடியாது. வோல்ட் இறங்கினால் சுழற்சியும் இறங்கும். இரண்டு 12 வோல்ட் ஜெல் பேட்டரிகள் முழு சார்ஜில் 25.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். தீரத் தீர 24-க்குக் கீழே வந்துவிடும். மேடு ஏறும்போது மோட்டார் கரன்டை இழுக்க, அது இன்னும் சரியும். பேட்டரி பழசாகப் பழசாக உள்மின்தடை கூடி, இந்தச் சரிவும் மோசமாகும். காலையில் சாதாரணமாக ஏறிய சாய்தளத்தில் மாலையில் வண்டி முக்கி முனகுவது இதனால்தான்.

லித்தியத்தில் 8 செல், மொத்தம் 25.6 வோல்ட். சார்ஜ் பெரும்பாலும் தீரும்வரை அது அவ்வளவாக அசையாது. சமதளத்தில் வேக டயலைப் பாதியில் வைத்து ஓட்டுபவருக்கு வித்தியாசமே தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஜாய்ஸ்டிக்கில் உள்ள பேட்டரி விளக்குகள் ஜெல் போன்ற ஈய அமில பேட்டரியின் வோல்ட்டுக்கு ஏற்ப அமைத்தவை. லித்தியத்தில் வெகுநேரம் பச்சையே எரியும். பிறகு மளமளவென்று இறங்கி, பாதுகாப்பு சர்க்யூட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஜெல்லோ வேகம் குறைந்து குறைந்து முன்கூட்டியே எச்சரிக்கும். சார்ஜரும் லித்தியத்துக்கென்றே உள்ளதாக இருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் இருந்த ஜெல்லைவிட லித்தியம் கனம் குறைவு என்பதால், சில வண்டிகளில் மேடு ஏறும்போது பின்னால் சாயும் வாய்ப்பு கூடும், விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். லித்தியத்தின் ஆயுள் 2000 சார்ஜ் சுற்றுக்கு மேல் என்கிறார்கள். என்னுடையது புதுசு, அதற்கு நான் சாட்சி இல்லை.

வீட்டுக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு ஜெல்லே போதும், விலையும் குறைவு. எதைப் போட்டாலும், காற்றடிக்கும் டயராக இருந்தால் முதலில் காற்றைப் பாருங்கள். காற்று இறங்கிய டயரில் எந்த பேட்டரியும் திணறும்.