பாம்பன் மெஸ்ஸில் ஒரு மீன் சாப்பாடும் கொஞ்சம் அமெரிக்க ஓட்டும்

தடைக்காலம் முடிந்து ஜூன் பாதிக்கு மேல் விசைப்படகுகள் கடலுக்குப் போய் நல்ல மீன் வர ஆரம்பித்தால் நான் முதலில் தேடிப் போவது பாம்பன் ரோட்டோரம் இருக்கிற ஒரு மெஸ்ஸைத்தான். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். இந்த முறை நியூ ஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்திருந்த சித்தப்பா மகனையும் கூட்டிப் போனேன்.

முதலில் சாப்பாடு. விளமீன் குழம்பு அப்படியே இருக்கிறது, புளி தூக்கலாக, தேங்காய் அளவாக, இரண்டாவது தடவை சோறு கேட்க வைக்கிற குழம்பு. நகரை வறுவல் அன்றைக்கு வந்த மீன், கருகாமல் பொரித்திருந்தார்கள். கணவாய்த் தொக்கு மட்டும் ரப்பர், மெல்ல மெல்லத் தாடைதான் வலித்தது.

மாறிப்போனது கூட்டம். ஒரு மணிக்குப் போனால் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்க வேண்டிய கடை, இப்போது பாதி பெஞ்சு காலி. எதிர்த்தாற்போல் புதிதாகத் திறந்த கடையில் வாசல் வரை ஆள். அங்கேயும் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், குழம்பு தண்ணி.

முதலாளியே வந்து புலம்பினார். "ஒரு வருஷமா வெலய ஏத்தவே இல்லையே தம்பி, அப்புறம் ஏன் வர மாட்டேங்கிறாங்க?" உண்மைதான், ஒரு வருஷமாக 150 ரூபாய்தான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் 90 ரூபாய் சாப்பாடு 150 ஆனதை அவர் மறந்துவிட்டார், நாங்கள் மறக்கவில்லை.

தம்பி சிரித்துவிட்டான். "அண்ணே, எங்க ஊர்ல பைடன் கட்சிக்காரங்களும் இதேதான் சொன்னாங்க." (தங்கச்சிமடத்தில் பிறந்தவனுக்கு இப்போது அது எங்க ஊர்.) 2022 ஜூனில் அங்கே விலைவாசி ஏற்றம் 9.1 சதவீதம், நாற்பது வருஷத்தில் இல்லாத அளவு. 2024 நவம்பர் தேர்தலுக்குள் அது 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது, பணவீக்கத்தை அடக்கிவிட்டோம் என்று பேசினார்கள். அடங்கியது ஏறுகிற வேகம், ஏறின விலை ஏறினபடியே நின்றது. பைடன் பதவிக்கு வந்தபோது இருந்ததைவிடச் சுமார் 20 சதவீதம் கூட. சம்பளமும்தான் ஏறியது, ஆனால் சம்பளம் ஏறினால் நான் உழைத்தேன் என்பார்கள், விலை ஏறினால் அரசாங்கத்தைத் திட்டுவார்கள், அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

அவன் இருக்கிற நியூ ஜெர்சியில் பைடன் 2020இல் சுமார் 16 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார், 2024இல் அவர் கட்சி நிறுத்திய துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸுக்கு அது 6 ஆகச் சுருங்கியது. இத்தனைக்கும் ஹாரிஸ் ஜனாதிபதியே இல்லை. குழம்பு வைத்தவர் ஒருத்தர், ஏச்சு வாங்கியது பரிமாற வந்தவர். 2008இலும் இதே கதைதான், செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி விழுந்தது, ஆட்சியில் இருந்தது மகன் புஷ், நவம்பரில் தோற்றது அவர் கட்சி வேட்பாளர் மெக்கெயின்.

எனக்கு வியப்பு அப்பா புஷ்தான். 1991 வளைகுடாப் போர் முடிந்த கையோடு ஏறக்குறைய 90 சதவீத ஆதரவு வைத்திருந்த மனிதர், அடுத்த வருஷமே கிளிண்டனிடம் தோற்றார். பொருளாதார மந்தநிலை கணக்குப்படி 1991 மார்ச்சிலேயே முடிந்திருந்தது, போன வேலைகள்தான் திரும்பி வரவில்லை. கணக்கைக் காட்டி ஓட்டு வாங்குவது, நான் விலை ஏற்றவில்லையே என்று முதலாளி கேட்டது மாதிரிதான்.

ஆனால் எல்லாம் விலைவாசிதான் என்று அவன் அடித்துப் பேசியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. விலையேற்றம் உச்சத்தில் இருந்த அதே 2022இன் இடைக்காலத் தேர்தலில் (ஜனாதிபதி பதவிக்காலத்தின் நடுவில் அங்கே நாடாளுமன்றத்துக்கு நடக்கிற தேர்தல்) பைடன் கட்சி கீழவையில் வெறும் 9 இடம்தான் இழந்தது, ஒபாமா காலத்து 2010இல் 63 போனது. கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த கோபம் 2022இல் குறுக்கே வந்தது. இங்கேயும் 1989 முதல் 2011 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சியை மாற்றிய நாம், 2016இல் ஜெயலலிதாவை மறுபடி உட்கார வைத்தோமே. இதைச் சொல்லிச் சொல்லியே ரசம் ஆறிவிட்டது.

இன்னொன்று, எதிர்த்த கடைக்குப் போனவர்கள் அந்தக் குழம்பின் மேல் ஆசைப்பட்டுப் போகவில்லை. டிரம்புக்கு விழுந்த ஓட்டிலும் அப்படி ஒரு பங்கு இருந்திருக்கும். ஜெயித்தவர் 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டு நம் இறால்காரர்கள் வயிற்றில் அடித்தார், அந்த வரி அங்கே கடையில் இறால் வாங்கினவன் தலையிலும்தான் விழுந்தது. ஆட்சிக்கு வந்துவிட்டால் அடுத்த ஏச்சு அவர் கட்சிக்குத்தான். 1934இலிருந்து எண்ணினால் ஜனாதிபதியின் கட்சி இடைக்காலத் தேர்தலில் கீழவை இடங்களைக் கூட்டிக்கொண்டது மூன்றே தடவை, 1934, 1998, 2002. 2018இல் டிரம்ப் கட்சியே 40 இடம் விட்டது.

சரி, மெஸ்ஸுக்கு வருவோம். 150 ரூபாய்க்கு அந்தக் குழம்பு கொடுக்கலாம், நான் போவேன். ஒரு மணிக்கு முன்னால் போங்கள், அன்றைக்கு என்ன மீன் வந்தது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், கணவாய் வேண்டாம். சில்லறை எடுத்துப் போங்கள், எங்களுக்கு மீதி பத்து ரூபாய்க்குக் கடலை மிட்டாய் கொடுத்தார்கள்.