300 ஆம் பகுதியில் ஒரு சனிக்கிழமை: ராப்டர்ஸ் ஆட்டத்துக்கு எந்த நாளில் போகலாம்?

ஸ்காபரோவில் எங்கட ஆட்கள் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி இது: பிள்ளைகளை ஒருக்காவது ரொறன்ரோவின் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸின் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேணும், எந்த ஆட்டத்துக்கு ரிக்கெற் எடுப்பது? மற்ற அணிகளின் பெரிய நட்சத்திரங்களான லெப்ரோன் வருகிற நாளா, ஸ்டெப் கறி வருகிற நாளா? இரண்டும் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். எங்களோடு இருந்துவிட்டுப் போன ஒருவர் திரும்பி வருகிற நாளைப் பார்த்து எடுங்கள். 2024 நவம்பர் 2, சனிக்கிழமை இரவு, முன்பு ராப்டர்ஸுக்கு ஆடிய வின்ஸ் காட்டரைக் கௌரவித்து அவருடைய 15 ஆம் இலக்க ஜேர்சியை ஸ்கோஷியாபாங்க் அரங்கின் கூரையில் ஏற்றிய ஆட்டத்துக்கு என் பன்னிரண்டு வயது மகனோடு போய் வந்தேன். அந்த இரவை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரிக்கெற். நான் எடுத்தது ஒரு மறுவிற்பனைத் தளத்தில். "இரண்டு இருக்கைகள்" என்று போட்டிருந்தது. கையில் கிடைத்தபோது ஒன்று ஒன்பதாம் வரிசை, மற்றது பதினோராம் வரிசை. சேவைக் கட்டணம் எவ்வளவு என்பதும் காசு கட்டுகிற கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது. என் ஒன்றரை நாள் சம்பளம் போயிற்று. அட்டை இலக்கத்தைப் போடுவதற்கு முன் இரண்டு இருக்கைக்கும் வரிசை எண், இருக்கை எண் இரண்டையும் பார்த்துவிடுங்கள். எங்களைக் காப்பாற்றியது ஒன்பதாம் வரிசையில் தனியாக வந்திருந்த ஒரு பிலிப்பினோக்காரர். பெடியனைப் பார்த்ததும் எழும்பி, தானே இரண்டு படி மேலே போய் இருந்துகொண்டார். அவர் போட்டிருந்தது ராப்டர்ஸின் பழைய ஊதா ஜேர்சி, நெஞ்சில் பெரிய டைனோசர், துவைத்துத் துவைத்து நிறம் மங்கியது.

போய்வர காரை நம்ப வேண்டாம். எக்ளிண்டன் கோ நிலையத்தில் காரை விட்டுவிட்டு ரயிலில் யூனியன் போனோம். அங்கிருந்து அரங்குக்குள் கூரைக்குக் கீழேயே நடந்து போகலாம், குளிர் தெரியாது. ரயிலிலேயே மட்டன் றோல் சாப்பிட்டு முடித்தோம்.

இருக்கை பற்றி: 300 இல் தொடங்குகிற பகுதிகள்தான் மேல் தளம். படிகள் செங்குத்து. முழங்கால் நோ உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப் போவதானால் கீழ் வரிசைகளாகப் பார்த்து எடுங்கள். வீரர்களின் முகம் பெரிய திரையில்தான் தெரியும். ஆனால் ஆட்டம் முழுவதையும் அங்கிருந்து வாசிக்கலாம்: யார் யாருக்கு மறைப்புக் கொடுக்கிறான், யார் மூலையில் தனியே நிற்கிறான் என்பதெல்லாம் சதுரங்கப் பலகை மாதிரித் தெரியும். அதைவிட முக்கியம், 19,800 பேர் கொள்கிற அந்த அரங்கில் சத்தம் பிறக்கிற இடம் மேல் தளம்தான். ரிவியில் பார்த்து வளர்ந்தவர்கள், இரவு வேலையை மாற்றிக்கொண்டு வந்தவர்கள், பிள்ளைக்கு முதல் ஆட்டம் காட்ட வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான்.

இனி வின்ஸ் காட்டர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தது 1997 இல், பதினான்கு வயதில். அவர் ராப்டர்ஸுக்கு வந்தது 1998 இல். அதுவரைக்கும் எங்கள் பள்ளிக்கூடப் பின்வளவில் இருந்த கூடைக்கு வலைகூட இல்லை, யாரும் கேட்டதுமில்லை. 2000 பெப்ரவரியில் ஓக்லண்டில் நடந்த டங்க் போட்டியில் (துள்ளிப் பந்தை வளையத்துக்குள் திணிக்கிற போட்டி) அவர் முழங்கை வரைக்கும் கையை வளையத்துக்குள் விட்டுத் தொங்கினார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் யார் தமிழ், யார் ஜமைக்கா, யார் சீனா என்று பார்க்காமல் எல்லாரும் அந்தக் கூடைக்குக் கீழே நின்றோம். எனக்கு இங்கிலிஷ் சரியாக வராத காலம். காட்டர் என்ற பெயரை வைத்துக்கொண்டே எனக்கு நாலு கூட்டாளிகள் கிடைத்தார்கள்.

2001 இல் பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டம், தோற்றால் வெளியே போகிற தொடரின் கடைசி ஆட்டம். அன்று காலை வட கரோலினாவில் தன் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விட்டு வந்து ஆடினார். கடைசி எறி அவருடையது. விழவில்லை. 88–87 என்று தோற்றோம். நிலக்கீழ் அறையில் என் மச்சானும் நானும் ரிவியை நிற்பாட்டாமல் அப்படியே இருந்தோம். அதைக்கூட மன்னித்துவிட்டோம். 2004 டிசம்பரில் நியூ ஜேர்சிக்கு மாற்றப்பட்டுப் போனதும், ரொறன்ரோவில் முழு மூச்சாக ஆடவில்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டதும்தான் எங்களைச் சுட்டது. அவருக்குப் பதிலாக வரவேண்டிய அலோன்சோ மோர்னிங் இந்த ஊருக்கு வரவே இல்லை.

2005 ஏப்ரலில் நியூ ஜேர்சி அணியோடு காட்டர் முதன்முதலாகத் திரும்பி வந்தார். மச்சானும் நானும் காசு சேர்த்து ரிக்கெற் எடுத்துப் போனது அவருக்குக் கூ அடிக்கத்தான். பந்து அவர் கைக்குப் போகிறபோதெல்லாம் கூ. மறுநாள் எனக்குக் குரல் இல்லை. இப்படியே வருடக்கணக்காக நடந்தது. 2014 நவம்பரில் மெம்பிஸ் அணியோடு வந்தபோது ஆட்டத்தின் நடுவே அவருடைய பழைய படங்களைத் திரையில் ஓட்டினார்கள். அரங்கு எழும்பி நின்றது, அவர் அழுதார். ரிவியில் பார்த்த நான் எழும்பவில்லை.

அதனால்தான் நவம்பர் 2 எனக்கு வெறும் ஆட்டம் இல்லை. அரைநேர இடைவேளையில் விளக்குகளை அணைத்து, 15 ஐ மேலே இழுக்கத் தொடங்கினார்கள். ராப்டர்ஸ் வரலாற்றில் கூரைக்குப் போன முதல் இலக்கம் அதுதான். மகன் கேட்டான்: "அப்பா, இந்த ஆளுக்கோ நீங்கள் கூ அடிச்சனீங்கள்?"

"ஓம்."

"இப்ப ஏன் எழும்பி நிக்கிறீங்கள்?"

நான் எழும்பினது அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இரண்டு வரிசை மேலே அந்த ஊதா ஜேர்சிக்காரரும் நின்றுகொண்டிருந்தார். மகனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "அக்கறை இல்லாத ஆளுக்கு ஒருத்தரும் பத்து வருசம் கூ அடிக்கிறேல்லை, தம்பி."

அன்றைக்கு எதிரணி சாக்ரமெண்டோ. அதில் டெமார் டெரோசன். ஒன்பது பருவம் எங்களுக்கு ஆடி, போக விருப்பமில்லாமல் 2018 இல் கவாய் லெனர்டுக்காகக் கொடுக்கப்பட்டவர். அந்தக் கவாய்தான் 2019 மே 12 இல், அதே பிலடெல்பியாவோடு அதே ஏழாவது ஆட்டத்தில், வளையத்தில் நாலு தரம் குதித்து விழுந்த பந்தை எறிந்தவர், 92–90. அந்த வருடம் வாகை சூடினோம், டெரோசன் அதில் இல்லை. எதிரணி ஜேர்சியில் வந்த அவருக்கு இந்தச் சனம் கொடுத்த கைதட்டலைக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். தானாகப் போனவர் மேலே, அனுப்பப்பட்டவர் கீழே, இரண்டு பேருக்கும் ஒரே இரவில் கைதட்டினோம்.

அணியும் சனத்தை மறப்பதில்லை. 1984 இல் இந்தியாவிலிருந்து வந்த நவ் பாட்டியா, 1995 இல் முதல் ஆட்டத்திலிருந்து ராப்டர்ஸோடு இருப்பவர். 2019 வாகைக்குப் பிறகு வீரர்களுக்குக் கொடுத்த மோதிரத்தை அவருக்கும் கொடுத்தார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு ரசிகரின் கையில் அந்த மோதிரத்தைப் பார்த்தபோது, இந்த அணி எங்களுடையதும்தான் என்று என் அம்மாவே சொன்னா. அவவுக்கு விளையாட்டின் விதி ஒன்றும் தெரியாது.

ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனது. 131–128, எங்களுக்கு வெற்றி. அதற்கு முந்திய பருவத்தில் 25 வெற்றி, 57 தோல்வி என்று முடித்த அணி இது. வெல்வார்கள் என்று நம்பி ரிக்கெற் எடுக்காதீர்கள். மேலதிக நேரம் வந்தால் ரயில் தவறும், அதையும் கணக்கில் வையுங்கள். நாங்கள் அடுத்ததற்குக் காத்து நின்றோம்.

யூனியன் மேடையில் நின்று, இப்போது கல்கரியில் இருக்கிற மச்சானுக்குப் பதாகையின் படத்தை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அண்டைக்கு நாங்கள் கூ அடிக்க அடிக்க எங்களுக்கு எதிரா 39 புள்ளி அடிச்சவன்." பத்து நிமிடம் கழித்து இன்னொன்று: "வேற படம் இருந்தா அனுப்படா."