பத்து மாதக் குட்டியை ‘பயிற்சி முடிந்த உதவி நாய்’ என்று கொடுத்தார்கள்

தசைச் சிதைவு நோயால் என் கால்கள் வலுவிழந்து பல வருடங்கள் ஆகின்றன. வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே சக்கர நாற்காலி. கீழே விழுந்த சாவியை எடுத்துத் தரவும், கைப்பிடியில் கட்டிய கயிற்றை இழுத்துக் கதவைத் திறக்கவும், எழும்போது பிடித்துக்கொள்ளவும் ஒரு உதவி நாய் வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நல்ல அமைப்புகளில் காத்திருப்பு வருடக்கணக்கில் நீளும். ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோதுதான் ஒரு தனிப் பயிற்சியாளர், மூன்றே மாதத்தில் தருகிறேன் என்றார். அவர் அனுப்பிய வீடியோவில் ஒரு லாப்ரடார் சாவியைக் கவ்வி வந்து ஒருவர் மடியில் வைத்தது. பார்த்து அழுதுவிட்டேன். சேமிப்பில் பெரும்பகுதியை அன்றைக்கே அனுப்பினேன். எல்லா வீடியோவும் ஒரே அறையில் எடுத்தவை என்பது அப்போது கண்ணில் படவில்லை.

வந்த நாய்க்குப் பத்து மாதம். ‘உதவி நாய்’ என்று எழுதிய அங்கி, அடையாள அட்டை, நாயின் உடம்பில் மாட்டும் கைப்பிடி வைத்த பட்டை (ஹார்னஸ்), சான்றிதழ், எல்லாம் இருந்தன. எனக்கான பயிற்சி ஒரே ஒரு மதியம். “கைப்பிடியை அழுத்தி எழுந்திருங்க, தாங்கும்” என்றார். மூன்று வாரம் அப்படியே செய்தேன். இதை எழுதும்போதுகூட மனம் பதறுகிறது.

நான்காம் வாரம் லிஃப்ட் கதவு மூடும் சத்தத்துக்கு மிரண்டு நாய் பின்னால் துள்ளியது. கைப்பிடியை நம்பி நின்ற நான் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். அப்புறம் அது பின்னங்காலை நொண்ட ஆரம்பித்தது. எக்ஸ்ரே எடுத்தால், இரண்டு இடுப்பு மூட்டுகளும் குழிக்குள் சரியாகப் பொருந்தவில்லை. பரம்பரையாக வரக்கூடிய கோளாறு, லாப்ரடாரில் அடிக்கடி வருவதுதான் என்றார் கால்நடை மருத்துவர். பெரிய இன நாய்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியவே ஒன்றரை வருடம் வரை ஆகுமாம். அதற்கு முன் மனித எடையை அதன் முதுகில் ஏற்றவே கூடாது. முறையாகப் பயிற்றுவிப்பவர்கள் இரண்டு வயதை ஒட்டி இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே பார்த்து, நாயின் எடையையும் உயரத்தையும் நம்முடையதோடு ஒப்பிட்ட பிறகே தாங்கும் வேலைக்கு விடுவார்கள். வளர்ச்சி முடிந்த நாய்க்குக்கூட அந்த வேலை வேண்டாம் என்பவர்கள் உண்டு. எழுவதற்குச் சுவர்க் கம்பி போதும், நாய் பொருட்களை எடுத்துத் தரட்டும் என்கிறார்கள். எனக்கும் இப்போது அதுதான் சரியாகப் படுகிறது.

பயிற்சியாளரிடம் பழைய எக்ஸ்ரேயைக் கேட்டேன். இல்லை. பயிற்சிக் குறிப்பேடும் இல்லை. “நீங்கள் கையாண்ட விதம்தான் தப்பு” என்று மட்டும் பதில் வந்தது. சான்றிதழ் அவரே அச்சடித்தது. உதவி நாய்களைப் பயிற்றுவிக்கும் அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் தன் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியலை வெளியிடுகிறது. பணம் கட்டுமுன் நான் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

உதவி நாய் வைத்திருப்பவர்களின் சர்வதேச அமைப்பான ஐஏஏடிபி, குறைந்தது 6 மாதங்களில் 120 மணி நேரப் பயிற்சி, அதில் 30 மணி நேரமாவது பொது இடங்களில் என்று வரையறுத்திருக்கிறது. பெரும்பாலான நல்ல அமைப்புகளில் குட்டிப் பருவத்திலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகிறது. ஆகவே பணம் கொடுக்குமுன் நாயை நேரில் போய்ப் பாருங்கள். லிஃப்ட், தள்ளுவண்டி, கூட்டம் உள்ள இடத்துக்கு அதை உங்களோடு அழைத்துவரும்படி பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அவரிடம் தேறாமல் போன நாய்கள் எத்தனை என்று கேளுங்கள். நல்ல இடங்களிலேயே நிறைய நாய்கள் பாதியில் நின்றுவிடும். எல்லாம் தேறிவிடும் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நாயை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் இன்னொருவருக்கு விற்றுவிடுவார் என்ற பயம். ஹார்னஸைக் கழற்றிப் போட்டுவிட்டேன், இனி அவன் வீட்டுப் பிள்ளை. பணம் இன்னும் வரவில்லை. நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த வீடியோக்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன். ‘மூன்று மாதத்தில் உதவி நாய்’ என்று உங்களுக்கும் வீடியோ வந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், அதே அறையா என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.